முகதாட்சண்யத்தில் மூழ்கும் முதல்

"கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகையை நம் மளிகைக் கடைகள் பலவற்றில் காணலாம். அதன் கீழேயே கடன் சிட்டையும் தொங்கும். நம்மில் பலருக்கு முதல் குறைவது சரக்கு விலையால் அல்ல. "இல்லை" என்று சொல்ல நா எழாததால்தான்.

எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறோம். தெருவில் மதிப்பான ஒருவர். மாதச் சாமான் வாங்கி 1-ஆம் தேதி கணக்கை முடித்துவிடுவார். ஒரு மாதம் பாதிதான் கொடுத்தார். மறுமாதம் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றார். கேட்கக் கூச்சப்பட்டோம். பாக்கி 18,000 ரூபாயைத் தொட்டபோது பொறுக்க முடியாமல் நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிட்டோம். "உன் கடையை விட்டால் ஊரில் வேறு கடையே இல்லையா?" என்று போனவர், இன்று அடுத்த தெருக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். தவறு அவருடையது மட்டுமல்ல. 2,000 ரூபாயில் சொல்ல வேண்டியதை 18,000 ரூபாயில், அதுவும் கோபத்தில் சொன்னோம்.

நூறு ரூபாய் வியாபாரத்தில் செலவு போக ஐந்து ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய் பாக்கி மூழ்கினால் அதை ஈடுகட்ட 20,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். 18,000 ரூபாய்க்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பின் நாங்கள் கடைப்பிடித்து வரும் முறைகள் இவை:

1. கணக்கு தொடங்கும் நாளிலேயே வரம்பைச் சொல்லிவிடுங்கள். எவ்வளவு ரூபாய் வரை, எந்தத் தேதிக்குள் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2. எல்லோருக்கும் ஒரே விதி. மைத்துனருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்றால் விதி நிற்காது. கடைப் பையன்களிடமும் வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். முதலாளி கல்லாவில் இல்லாத நேரம் பார்த்து வருபவர்கள் உண்டு.

3. தனியே அழைத்துச் சொல்லுங்கள். "அண்ணே, பழைய கணக்கு 2,000 நிற்குது. அதை முடிச்சிட்டா புதுசு எழுதிக்கலாம். இப்போ வேணும்னா ரொக்கத்துக்குத் தர்றேன்." இவ்வளவு போதும். காரணங்களை அடுக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். அவர் சத்தம் போட்டால், அதே சொற்களை அதே குரலில் மறுபடி சொல்லுங்கள்.

4. கையெழுத்து வாங்குங்கள். நம் கணக்குப் புத்தகத்தில் நாம் எழுதியது மட்டுமே ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பது சட்டம். தவணை பேசாமல் விற்ற சரக்கின் விலைக்கு, சரக்கு கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அந்தக் கெடு முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். மாதாமாதம் சிட்டையில் "சரி பார்த்தேன், பாக்கி இவ்வளவு" என்று எழுதி ஒப்பம் வாங்குவது நல்ல பழக்கம். வாங்கத் தயங்குபவரை அப்போதே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நோயாலோ சாவாலோ தவிக்கும் வீட்டுக்கு அரிசி கொடுக்காதவர் வணிகர் அல்லர். ஆனால் அதை உதவி என்றே கொடுங்கள், சிட்டையில் எழுதாதீர்கள். திரும்பி வராவிட்டாலும் மனம் கசக்காது.

இம்முறைக்கு மாறியபோது சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் இரண்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பையை நீட்டினார். அவருக்கும் நமக்கும் இப்போது மனத்தாங்கல் இல்லை. பலகையை மாட்டியது நாம். அதன்படி நடக்க வேண்டியவரும் முதலில் நாம்தான்.