மலிவுத் தோட்டா லாபமா?

“புதிதாக வாங்கிய பாய்ண்ட் 22 அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா மலிவு?” தெப்ராவ் நேயர் கேட்கிறார். முதலில் உரிமத்தைப் பாருங்கள் ஐயா! 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா வைத்திருக்கவும் உரிமம் வேண்டும்.

இந்த ரகத் தோட்டாவில் தீமூட்டும் மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கிறது. அது சீராகப் பரவாவிட்டால் ஊசி அடித்தும் வெடிக்காது. மலிவுப் பெட்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். வேகம் குறைந்த தோட்டாவோ, வெடித்தாலும் பூட்டை முழுதாகப் பின்னுக்குத் தள்ளாது, வெற்றுக்கூடு சிக்கிக்கொள்ளும். அதனால் அதிவேக ரகத்தில் இரண்டு மூன்று கம்பெனிகளின் தோட்டாவை ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். சிக்காமல் ஓடுவதையே, உரிமம் அனுமதிக்கும் அளவுக்குச் சேர்த்து வாங்கலாம்.

வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். சத்தம் மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.