ஆள் குறைக்கும் நாள் வந்தால்...

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் பழைய பாவு முடிந்ததும் அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு பொறுமையாகப் பிணைப்பார்கள். பத்துப் பேருக்குத் தலைவியாக உத்தியோகம் பார்க்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

அதே ஜில்லாவில், ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ந் தேதி நின்றது. வரி வழக்கும் வியாபாரச் சரிவும் மேலிடத்துச் சங்கதிகள். வேலை இழந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் இளம் பெண்கள்.

உங்கள் பிரிவுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். முடிவாகும் வரை வதந்தி பேசாதீர்கள். "ஒன்றுமே இல்லை" என்று பொய்யும் சொல்லாதீர்கள். முடிவானதும் நீங்களே தனியே உட்கார வைத்துச் சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். அவர்மேல் குற்றமும் தேட வேண்டாம். ஓராண்டு சர்வீஸ் முடித்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸும், வருஷத்துக்கு 15 நாள் சம்பளமும் சட்டம் தரும் உரிமை. அந்தக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி விவரம், நற்சான்றிதழ் மூன்றும் அன்றே கையில் இருக்கட்டும். வேறு இடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் இன்னும் நல்லது.

எஞ்சியவர்களையும் அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள், "அடுத்தது நானா?" என்ற பயம் வேலையை அரித்துவிடும்.

பிறகு ஒரு நாள் வரதராஜர் சந்நிதியில் அவரை எதிரே கண்டால், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேராது.