குதிரை லாயத்தில் தொடங்கிய பள்ளிக்கூடம்!

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் பெனோலா என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் ஆட்டுப் பண்ணைகள். 1866-ம் ஆண்டில் அந்த ஊரில் ஒரு பழைய குதிரை லாயம் பள்ளிக்கூடமாக மாறியது. ஐம்பதுக்கும் அதிகமான குழந்தைகள் அங்கே வந்து படித்தார்கள்!

பாடம் சொல்லிக்கொடுத்தவர் மேரி மெக்கிலப். அப்போது அவருக்கு வயது 24.

மேரியின் தந்தை ஸ்காட்லாந்தில் இருந்து குடியேறியவர். படித்தவர்தான், ஆனால் கையில் காசு தங்கவில்லை. எட்டுக் குழந்தைகளில் மேரி மூத்தவர். 14 வயதிலேயே வேலைக்குப் போனார். 1860-ல் பெனோலாவில் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தார். பண்ணையாட்களின் பிள்ளைகளையும் கூடவே உட்கார வைத்துக்கொண்டார்.

அந்த ஊர்ப் பங்குச் சாமியார் ஜூலியன் டெனிசன் வுட்ஸ். அவருடைய பங்கு மிகப் பெரியது. குதிரையில்தான் சுற்றுவார். போகிற இடமெல்லாம் எழுத்தறியாத ஏழைக் குழந்தைகள். அவரும் மேரியும் யோசித்ததில் பிறந்ததுதான் லாயப் பள்ளிக்கூடம். மேரியின் தம்பி லாயத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தார். தங்கைகள் இருவர் உதவிக்கு வந்தார்கள்.

காசு இல்லையா? பரவாயில்லை!

சம்பளம் கட்ட முடிந்தவர்கள் கட்டலாம். முடியாதவர்கள் சும்மா படிக்கலாம். இதுதான் மேரியின் சட்டம்.

மேரி கன்னியாஸ்திரீ ஆனார். சூசையப்பர் பெயரில் ஒரு சகோதரிகள் சபை உருவாயிற்று. அவர்களுக்குப் பெரிய மடம் கிடையாது. இரண்டு மூன்று பேராகச் சின்ன வீடுகளில் தங்கினார்கள். வீடு வீடாகக் கையேந்திப் பள்ளி நடத்தினார்கள். எளிய காரியமா அது?

1869-ம் ஆண்டு முடிவதற்குள் 21 பள்ளிகள்! எழுபதுக்கும் மேற்பட்ட சகோதரிகள்!

விலக்கினார் பிஷப்

அப்போதுதான் இடி விழுந்தது. சபையை நடத்துவது யார்? பிஷப்பா, சகோதரிகளா? இதில் தகராறு. 1871 செப்டம்பரில் பிஷப் ஷீல், மேரியைத் திருச்சபையில் இருந்தே விலக்கிவிட்டார். முன்பு சபைக்கு ஒப்புதல் தந்தவரும் இதே பிஷப்தான்!

பல பள்ளிகள் மூடப்பட்டன. கத்தோலிக்கர் பலர் மேரியிடம் பேசவே அஞ்சினார்கள். இமானுவேல் சாலமன் என்ற யூத வியாபாரி வாடகை இல்லாமல் வீடு கொடுத்தார்.

ஐந்து மாதம் சென்றது. மரணப் படுக்கையில் கிடந்த பிஷப், 1872 பிப்ரவரியில் தம் தண்டனையை ரத்து செய்தார். பள்ளிகள் மறுபடி திறந்தன.

மேரி அதோடு விடவில்லை. 1873-ல் ரோமாபுரிக்கே போய் போப் ஆண்டவரைப் பார்த்தார். சபையை அதன் தலைவியே நடத்தலாம் என்று 1888-ல் முடிவான ஒப்புதல் வந்தது.

மேரி 1909-ல் காலமானார். 2010-ல் ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் முதல் புனிதர் அவர். லாயத்துக்குப் பதிலாக 1867-ல் எழுப்பிய கல் பள்ளிக்கூடம் பெனோலாவில் இன்றும் நிற்கிறது.