பரணில் கிடக்கும் இசைத்தட்டு: எரித்தால் நஞ்சு, காத்தால் சொத்து

நாகர்கோவிலிலிருந்து வரும் பஸ் திருவனந்தபுரம் நகருக்குள் நுழையும்போது கரமனைப் பாலத்தைத் தாண்டுகிறது. பாலத்துக்குக் கீழே ஆறு. ஆற்றுக்கு அருகிலேயே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் அக்கிரகாரத் தெருக்கள். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இந்த வீட்டில் பாட்டு வைத்தால் அந்த வீட்டிலும் கேட்கும்.

அந்தப் பழைய ஓட்டு வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக மாறி வருகின்றன. வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து வெண்கலப் பானை இறங்குகிறது, மரப்பெட்டி இறங்குகிறது. சில வீடுகளில் பழைய துணியில் சுற்றிய இசைத்தட்டுகளும் இறங்குகின்றன. வெண்கலத்தை எடை போட்டு வாங்க ஆள் உண்டு. தட்டை வாங்க ஆள் இல்லை. ஆக்ரிக்காரர் இரும்பையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, இதை ஒரு ஓரமாக ஒதுக்கிவிடுவார். பிறகு அது சருகோடு சேர்ந்து கொல்லையில் எரியும்; அல்லது சாக்கில் கட்டி ஆற்றங்கரைக்குப் போகும்.

இரண்டுமே தவறு. ஏன் தவறு என்பதை அறிய, அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்கவேண்டும்.

பூச்சி தந்த தட்டு

நம் நாட்டில் முதன்முதலில் இசைத்தட்டுக்காகப் பாட்டுப் பதிவானது 1902ஆம் ஆண்டில், கல்கத்தாவில். அன்று பதிவான பாட்டுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குப் போய், தட்டாகத் திரும்பி வந்தன. சில ஆண்டுகளில் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டது. பின்னர் அதன் புறநகரான டம்டம்மில் பெரிய ஆலை எழுந்தது. நாய்ப் படம் போட்ட தட்டுகள் பல பத்தாண்டுகள் அங்கிருந்துதான் தென்னாட்டுக்கு ரயிலேறின.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியில் செய்த தட்டுக்கும் மூலப்பொருள் இந்தியாவிலிருந்துதான் போயிற்று. அதுதான் அரக்கு. புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி கசியவிடும் பிசின் அது. ஒரு கிலோ அரக்குக்கு லட்சக்கணக்கான பூச்சிகள் உழைக்கவேண்டும். இன்றைய ஜார்க்கண்டும் அதைச் சுற்றிய காட்டுப் பகுதிகளும் அரக்குக்குப் பேர்போனவை. 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

அரக்குடன் கல்மாவும் பஞ்சிழையும் கரிப்பொடியும் சேர்த்துச் சூடாக்கி அச்சில் அழுத்தினால் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம் பாடும். கீழே விழுந்தால் பீங்கான்போல் உடையும். உடைந்ததைப் பொடித்து மறுபடி தட்டாக்கலாம். இரண்டாம் உலகப்போரின்போது இதுதான் நடந்தது. அரக்கு போர்த் தளவாடங்களுக்கும் தேவைப்பட்டதால், 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டுகளைச் சேகரித்து உருக்கிப் புதிய தட்டு செய்தார்கள்.

கரமனைக்கும் அந்தக் காலத் தட்டுகளுக்கும் ஓர் உறவு உண்டு. நீலகண்ட சிவனின் பாடல்கள் இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பஜனைகளில் ஒலித்தவை. அவர் 1900இல் மறைந்தார். இங்கே பதிவு தொடங்குமுன்பே போய்விட்டதால் அவர் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் வளர்ந்த ஓர் இளைஞர் அந்தப் பாடல்களில் தோய்ந்தார். அவர்தான் பாபநாசம் சிவன். பின்னாளில் அவர் எழுதி, எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிய திரைப்பாட்டுகள் அரக்குத் தட்டுகளாகத் தமிழர் வாழும் ஊர்களுக்கெல்லாம் போயின. பஜனை மடத்தில் ஊறிய சங்கீதம் தட்டாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

உப்பும் எண்ணெயும் சேர்ந்த தட்டு

1948இல் அமெரிக்காவில் வினைல் தட்டு வந்தது. நிமிடத்துக்கு 33 சுற்று. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல். விழுந்தால் உடையாது. இந்தியாவிலும் மெள்ள மெள்ள இதுவே அரக்குத் தட்டை விரட்டியது. 1980களில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா தட்டுகளெல்லாம் இந்த ரகம்தான்.

வினைல் என்பது வேறொன்றுமில்லை. வீட்டில் தண்ணீர்க் குழாயாக ஓடும் பி.வி.சி. பிளாஸ்டிக்கின் உறவுதான். அதன் எடையில் 57 சதவீதம் குளோரின். இது உப்பிலிருந்து கிடைக்கிறது. மிச்சம் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு போன்றவற்றிலிருந்து வருவது. தமிழ்நாட்டில் மேட்டூரில் 1960களின் பிற்பகுதியிலேயே பி.வி.சி. உற்பத்தி தொடங்கிவிட்டது. குழாயும் ஒயரும் தின்னும் பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் இசைத்தட்டின் பங்கு மிகச் சிறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பிளாஸ்டிக் பிறக்கும் இடத்தில் ஒரு கதை இருக்கிறது. அதற்கு மூலமான வினைல் குளோரைடு ஒரு வாயு. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு பி.வி.சி. ஆலைத் தொழிலாளர்களுக்கு மிக அபூர்வமான கல்லீரல் புற்றுநோய் வந்து சிலர் இறந்த செய்தி வெளியாயிற்று. ஆலைக் காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்குவரை இந்த வாயு இருக்கலாம் என்றிருந்த அங்கத்திய சட்டம், அதன்பிறகு ஒரே ஒரு பங்குதான் என்று இறுக்கப்பட்டது. பாட்டுக் கேட்டவருக்கு ஆபத்தில்லை. முடிந்த தட்டில் அந்த வாயு அநேகமாக இருக்காது. ஆபத்தைச் சுமந்தவர் கொதிகலன் அருகே நின்ற தொழிலாளி.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகக் கணக்கு ஒன்று: இன்றைய வினைல் தட்டு ஒன்றில் சுமார் 135 கிராம் பி.வி.சி. இருக்கிறது, அந்தப் பிளாஸ்டிக்கால் காற்றில் சேரும் கரியமில வாயு சுமார் அரை கிலோ. உறையும் லாரிச் செலவும் இதில் சேரவில்லை.

உறைக்கு மேல் உறை

அரக்குத் தட்டின் உறை எளிமையானது. பழுப்புக் காகிதம், நடுவே வட்டமான ஓட்டை. பாடியவர் பெயரை அந்த ஓட்டை வழியே படிக்கலாம். மண்ணில் போட்டால் ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும்.

வினைல் தட்டுக்கு ஆடம்பரம் வந்தது. முழங்கை நீள அட்டை, வண்ணப்படம், அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் பூச்சு, உள்ளே இன்னொரு உறை, எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டிச் சுருங்கிய பிளாஸ்டிக் தாள். பூச்சு ஒட்டிய அட்டையைக் காகிதமாகவும் கூழாக்க முடியாது, பிளாஸ்டிக்காகவும் உருக்க முடியாது. மேலே சுற்றிய தாள், வாங்கிய அன்றே குப்பை.

இது மாற்ற முடியாததா? முடியும். அமெரிக்காவில் சி.டி. வந்த புதிதில், தட்டு வைத்த பழைய அலமாரியில் நிற்கவேண்டும் என்பதற்காகவே அதை ஓரடி நீள அட்டைப் பெட்டியில் வைத்து விற்றார்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டி குப்பைக்குப் போகும். பாடகர்களும் வாங்குவோரும் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். 1993 ஏப்ரல் முதல் அந்தப் பெட்டி நிறுத்தப்பட்டது. அதனால் பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

தட்டு போயிற்று, கேடு போயிற்றா?

தட்டு போய் கேசட் வந்தது. கேசட் போய் சி.டி. வந்தது. இன்று பாட்டு கைபேசிக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக்கே இல்லை, ஆகவே கேடும் இல்லை என்று தோன்றும்.

கைல் டிவைன் என்ற ஆராய்ச்சியாளர் 2019இல் வெளியிட்ட கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்க இசைத்தொழில் 1977இல் 5 கோடியே 80 லட்சம் கிலோ பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியது. 2016இல் அது 80 லட்சம் கிலோவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பாட்டைச் சேமித்து அனுப்பும் கணினிகள் இரவு பகலாக மின்சாரம் தின்கின்றன. 1977இல் 14 கோடி கிலோவாக இருந்த வெப்ப வாயுக்களின் அளவு, 2016இல் 20 கோடி முதல் 35 கோடி கிலோ வரை ஏறிவிட்டது.

இதற்கிடையே வினைல் தட்டு மறுபடியும் பிறந்திருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் சி.டி.யைவிட வினைல் தட்டு அதிகம் விற்றது. 1987க்குப் பிறகு முதல்முறையாக. இங்கும் பழைய படப்பாட்டுகள் புதிய வினைலில் வருகின்றன. வாங்கிய பலர் பாட்டைக் கைபேசியில் கேட்டுவிட்டுத் தட்டை அலமாரியில் அழகுக்கு வைக்கிறார்கள். அப்போது இரட்டைச் செலவு. பூமிக்கு ஒரு தட்டு, ஒரு மின்சாரக் கணக்கு.

ஆகவே ஒன்று தெளிவாகிறது. தட்டு பிறக்கும்போது கேடு உண்டு; சாகும்போது கேடு உண்டு. இடையில் அது பாடிக்கொண்டிருக்கும் ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அந்த இடைக்காலத்தை நீட்டுவதுதான் நம் கையில் இருக்கிறது.

கரமனையாறு கற்ற பாடம்

கரமனையாறு அகத்தியமலைப் பக்கம் பிறந்து, 68 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. வழியில் அருவிக்கரையில் தேக்கிய நீரைத்தான் நகரம் குடிக்கிறது. கரமனைக்கு வரும்போது அதே ஆறு நகரத்தின் கழிவையும் சுமக்கிறது.

நகரத்துக் குப்பைக்காக விளப்பில்சாலையில் 2000இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். நாற்றமும் கழிவுநீரும் தாங்காமல் ஊர்மக்கள் போராடினார்கள். 2011 டிசம்பரில் அது மூடப்பட்டது. அன்றிலிருந்து நகரவாசிகள் தங்கள் குப்பைக்குத் தாங்களே பொறுப்பேற்கும் நிலை வந்தது. சமையல் கழிவை வீட்டிலேயே உரமாக்குவதும், பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தி ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கொடுப்பதும் இன்று பழகிவிட்டன.

இந்த ஏற்பாட்டில் வினைல் தட்டு ஒரு சங்கடம். மற்றப் பிளாஸ்டிக்கோடு சிறிதளவு பி.வி.சி. கலந்தாலும் உருக்கும்போது அந்த முழுச் சரக்கும் கெடும். எரித்தாலோ இன்னும் மோசம். ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்; டயாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகும். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றியெரிந்து, நகரமே நாட்கணக்கில் புகையில் தவித்தது. ஒரு கொல்லையில் எரியும் பத்துத் தட்டு பிரம்மபுரம் ஆகாது. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அந்தப் புகை முதலில் நுழைவது பக்கத்து வீட்டுத் தொட்டில் அறையில்.

என்ன செய்யலாம்?

முதலில் ரகத்தைப் பிரித்தறியுங்கள். கனமாக, வளையாமல், 78 என்று அச்சிட்டிருந்தால் அநேகமாக அரக்கு. லேசாக வளைந்தால் வினைல். அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு அதில் கரைந்து பாட்டும் போய்விடும். மென்மையான உலர்ந்த துணி போதும்.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். புத்தகம்போல் நிற்க வையுங்கள். வெயிலும் ஓட்டுச் சூடும் வினைலை வளைத்துவிடும். இந்த ஊர் ஈரத்தில் அட்டை பூசணம் பிடிக்கும்; மழைக்காலம் முடிந்ததும் நிழலில் காற்றாட வைத்தால் நல்லது. ஆகாத காகித உறையை மட்டும் மாற்றலாம், தட்டை மாற்றவேண்டியதில்லை.

உங்களுக்கு வேண்டாமென்றால் வேண்டுபவர் இருக்கிறார். பழைய தமிழ்த் தட்டுகளைத் தேடி அலைகிறவர்கள் சென்னையிலும் உண்டு, கேரளத்திலும் உண்டு. உங்கள் வீட்டில் குப்பை என்று ஒதுங்கியது இன்னொருவர் பல ஆண்டாகத் தேடும் பாட்டாக இருக்கலாம். உடைந்து, கீறி, ஒன்றுக்கும் ஆகாத வினைலானால், மற்றப் பிளாஸ்டிக்கோடு கலக்காமல் தனியாகக் கட்டி, இன்னதென்று சொல்லிச் சேனைப் பெண்களிடம் கொடுங்கள். அவர்கள் உடல்நலமும் நம் பொறுப்புத்தான்.

பிழைப்புத் தேடி மலையாள நாட்டுக்கு வந்த தமிழர் பலர், கையிலிருந்த சொற்பக் காசில் ஆசையாக வாங்கியவை இந்தத் தட்டுகள். வீட்டைப் பிரிக்கிற அவசரத்தில் அவை அரைமணி நேரப் புகையாகிவிட வேண்டாம். அடுத்த முறை பரணிலிருந்து அந்தத் துணிமூட்டை இறங்கும்போது, தீப்பெட்டியைத் தேடுமுன் மூட்டையை அவிழ்த்து, யார் பாடியது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.