சவேரியார் மலாக்காவில் இருந்த டிசம்பர்

கிறிஸ்துமஸ் என்றதும் நமது தோட்டத்து வீடுகளில் முதலில் எழும் பேச்சு புதுத்துணியும் பலகாரமும்தான். தீபாவளிக்கு இந்து வீடுகளில் நடப்பதே டிசம்பரில் கிறிஸ்தவ வீடுகளிலும் நடக்கிறது. கடைக்காரரிடம் கணக்கு ஏறும். சீட்டுப் பணத்தை முன்னாலேயே எடுக்க வேண்டி வரும். மழைக் காலமோ பொல்லாத காலம். மழை பெய்தால் பால் மரம் வெட்ட முடியாது. வேலை நாள் குறையும், சம்பளமும் குறையும். அந்த நேரம் பார்த்துத்தான் செலவு வந்து வாசலில் நிற்கும்!

கத்தோலிக்கத் திருச்சபை இந்தப் பண்டிகைக்கு முன்னால் நான்கு ஞாயிறுகளை ஒதுக்கி வைத்திருப்பது கடைக்குப் போவதற்காக அல்ல. திருவருகைக் காலம் என்று அதற்குப் பெயர். ஆகமன காலம் என்றும் சொல்வதுண்டு. நவம்பர் 30-ஆம் தேதி அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று இக்காலம் தொடங்கும். சாமியார் ஊதா உடை அணிவார். ஞாயிறு பூசையில் வானவர் கீதம் பாடமாட்டார்கள். பச்சிலை வளையத்தில் மூன்று ஊதா மெழுகுவர்த்தியும் ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்தியும் வைத்து, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். இந்த வளைய வழக்கத்தைத் தொடங்கியவர் கத்தோலிக்கர் அல்ல. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய விஹர்ன் என்ற புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்துத் தொடங்கினார். பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகளுக்குக் காட்டவே அந்த ஏற்பாடு.

மார்கழி பிறந்ததும் விடியற்காலையில் எழுந்து குளித்துக் கோவிலுக்குப் போகும் நமது இந்துச் சகோதரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வருகிறவரை வரவேற்க மனத்தைத் துப்புரவாக்குவது என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியும்.

மலாக்காவில் வாழும் நமக்கு இக்காலத்தில் தனியாக ஒரு திருநாள் உண்டு. டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாள். மணிக்கூண்டுக்குப் பக்கத்து மலைமேல், கூரையில்லாத பழைய கோவிலில், கம்பி வலை போட்ட வெறும் குழியைச் சுற்றுப்பயணிகள் எட்டிப் பார்ப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். 1552 டிசம்பர் 3-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்த சவேரியாரின் உடல், 1553 மார்ச்சில் அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில்தான் கோவாவுக்குக் கப்பலேறியது.

உயிரோடும் அவர் இங்கே இருந்திருக்கிறார். மயிலாப்பூரிலிருந்து புறப்பட்டு 1545 செப்டம்பரில் மலாக்கா வந்தவர், 1546 புத்தாண்டு நாளில்தான் அம்போன் தீவுக்குக் கிளம்பினார். ஆகவே 1545-இன் திருவருகைக் காலம் அவருக்கு இந்த ஊரில்தான் கழிந்தது. அந்த மாதங்களில் அவர் என்ன செய்தார்? பாவசங்கீர்த்தனம் கேட்டார், பிரசங்கம் செய்தார். கிடைத்த நேரத்தில் செபங்களை மலாய் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

இந்த வேலையை அவர் கற்றுக்கொண்டது நம்மவர்களிடம்தான். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே இருந்தபோது, இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் பாவ அறிக்கைச் செபத்தையும் தமிழில் ஆக்கினார். அதை மனப்பாடம் செய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் அவர் போட்ட ஏற்பாடு. ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்து, தாம் இல்லாதபோதும் செபம் நடக்க வழி செய்தார். பின்னர் 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கச் செபநூலும் இந்த வழியில் வந்ததே. சவரிமுத்து, சவரியம்மாள் என்று நம்மிடையே வழங்கும் பெயர்கள் யாருடைய பெயர் என்று இப்போது தெரிகிறதல்லவா?

மலாயாவில் வியாபாரத்துக்காக ஆரம்பத்திலேயே ரப்பர் நட்ட இடங்களில் மலாக்காவும் ஒன்று. 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் கத்தோலிக்கர்கள் செபத்தையும் மனத்திலேயே சுமந்து வந்தார்கள். சாமியார் எப்போதோ ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் உபதேசியார் முன்னே சொல்ல, லயத்துச் சனங்கள் பின்னே சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் மனஸ்தாப மந்திரம் தலைகீழாய் வரும்.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்ப் பல இடங்களில் தாமான்கள் வந்துவிட்டன. லயத்து மக்கள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மலாக்கா டவுனிலும் சிதறிப் போனார்கள். உபதேசியாரும் இல்லை, மாலைச் செபமும் இல்லை. பேரப்பிள்ளைக்கு ஆங்கிலத்தில் செபம் தெரியும், பாட்டிக்குத் தமிழில் தெரியும். ஒரே வீட்டில் இருவரும் சேர்ந்து சொல்ல ஒரு செபம் இல்லை. இதுதான் நமக்குக் கவலை. எந்த மொழியில் சொன்னாலும் ஆண்டவர் கேட்பார், சரிதான். ஆனால் பாட்டியோடு அந்தச் செபமும் போய்விட்டால், பிறகு பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

நான்கு வாரம் என்பது சின்னக் காலமல்ல. முதல் வாரம் பரலோக மந்திரம், அடுத்த வாரம் மங்கள வார்த்தை என்று பாட்டி சொல்ல, பேரன் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு சொல்லலாம். சவேரியார் காலத்தில் பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அது திரும்ப வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்து தெரியாவிட்டால் என்ன? அன்றும் காதால் கேட்டுத்தானே படித்தார்கள்!

அடுத்தது பாவசங்கீர்த்தனம். ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்பது 1215-ஆம் ஆண்டிலிருந்து இருந்து வரும் சட்டம். "சாமிகிட்ட போயி என்னத்தைச் சொல்றது? கொலையா செஞ்சோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கொலை செய்யவில்லை, வாஸ்தவம். ஆனால் தண்ணிக் குழாயடியில் போட்ட சண்டைக்காக அடுத்த வீட்டுக்காரியோடு மூன்று வருஷமாகப் பேச்சில்லை. தம்பி கொடுத்த பணத்தை வாங்கவே இல்லை என்று சாதித்தாயிற்று. சம்பள நாளில் பாதியைக் குடித்துவிட்டு, கேட்ட பெண்சாதியை அடித்தாயிற்று. சாமியாரிடம் சொல்லிவிட்டால் மட்டும் தம்பியின் பணம் தீர்ந்துவிடாது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் திருச்சபை போதிப்பதுதான்.

கடைசி நேரத்தில் போனால் வரிசை வாசல் வரை நிற்கும். சாமியாருக்கும் களைப்பு, நம் கையிலும் பலகார மாவு. இரண்டாவது ஞாயிறுக்குள் போய் வந்துவிடுவது நல்லது. தமிழ் தெரிந்த சாமியார் எந்த நாளில் இருப்பார் என்று கோவிலில் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். தோட்டத்தில் இன்னும் தங்கியிருக்கும் பாட்டிமார்களை யார் காடியில் ஏற்றிக்கொண்டு போவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.