புகையில்லாத் தணலை நம்பாதீர்கள்

பிள்ளைகளே, மாரி மழை பிடித்துவிட்டால் நறுவிலிக்குளம் போன்ற ஊர்களில் முற்றத்து அடுப்பு நனைந்துவிடும். குளிருக்கும் நுளம்புக்குமாகச் சட்டியில் சிரட்டைத் தணலை அள்ளி அறைக்குள் வைப்பவர்கள் உண்டு. "புகை அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை" என்று கதவையும் சாத்திவிடுவார்கள். பயப்பட வேண்டிய நேரம் தொடங்குவதே அப்போதுதான்.

விறகு, கரி, மண்ணெண்ணெய், பெற்றோல் எல்லாவற்றிலும் காபன் இருக்கிறது. எரியும்போது போதிய காற்றுக் கிடைத்தால் ஒரு காபன் அணு இரண்டு ஒட்சிசன் அணுக்களோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு ஆகும். காற்றுப் போதாவிட்டால் ஓர் ஒட்சிசன் அணுதான் கிடைக்கும். அப்படி உண்டாவதே காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு.

நெருங்காமல், எட்ட நின்று தணலைப் பாருங்கள். சிவந்த கரியின் மேலே சின்னச் சின்ன நீலச் சுவாலைகள் ஆடும். அடியில் உண்டான காபனீரொட்சைட்டு, கொதிக்கும் கரியினூடாக மேலே வரும்போது காபனோரொட்சைட்டாக மாறுகிறது. வெளிக்காற்றுப் பட்டதும் அதில் ஒரு பகுதி நீலமாய் எரிகிறது. எரியாத மிச்சம் அறைக்குள் பரவுகிறது. புகையென்றால் கண் எரியும், இருமல் வரும், வெளியே ஓடிவிடுவோம். இந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சமையல் எரிவாயு கசிந்தால் நாறுகிறதே, அந்த நாற்றம் நம்மை எச்சரிக்க வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. காபனோரொட்சைட்டுக்கு அப்படி யார் மணம் சேர்ப்பது?

உடலுக்குள் போய் அது என்ன செய்கிறது? இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின், மன்னாருக்குப் போகும் பஸ் மாதிரி. ஒட்சிசனை ஏற்றிப்போய் உறுப்புகளில் இறக்கும். காபனோரொட்சைட்டு ஏறினால் எளிதில் இறங்காது. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு அது ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. மூளையும் இதயமும் ஒட்சிசன் இன்றித் தவிக்கும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம். பிறகு அசதி, மயக்கம். நித்திரையில் இருப்பவருக்கு இவை எதுவும் தெரியாமலே உயிர் போகலாம்.

2020 ஜனவரியில் கேரளாவிலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன 8 பேர், தாமன் என்ற மலையூர் விடுதியில் குளிருக்கு எரிவாயு ஹீட்டரைப் போட்டுக் கதவு யன்னல்களை மூடிக்கொண்டு படுத்தார்கள். எட்டுப் பேருமே உயிரிழந்தார்கள். அவர்களில் நால்வர் உங்களைப் போன்ற பிள்ளைகள்.

ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானி 1890களில் சுரங்க விபத்துகளை ஆராய்ந்து, காபனோரொட்சைட்டைக் கண்டறியச் சிறு பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும்படி சொன்னார். வேகமாக மூச்சு விடும் பறவையை நஞ்சு முதலில் தாக்கும். அது சோர்ந்தால் தொழிலாளர் வெளியேறிவிடலாம். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை கனேரிப் பறவைகள் இந்த வேலையைச் செய்தன. பெரியவர்களைவிடச் சிறுவர்களும் வேகமாக மூச்சு விடுபவர்கள். ஆகவே உங்களையும் தம்பி தங்கச்சிமாரையும் இந்த நஞ்சு விரைவில் தாக்கும்.

2022இல் எரிவாயுத் தட்டுப்பாடும் நீண்ட மின்வெட்டும் வந்தபோது நம் இலங்கையில் எத்தனையோ வீடுகள் விறகுக்குத் திரும்பின. விறகு அடுப்பு குற்றமில்லை. மூடிய அறைதான் ஆபத்து. சமைக்கும்போது குசினிக் கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும். தணற்சட்டி படுக்கையறைக்குள் வரவே கூடாது. கரண்ட் போனால் ஜெனரேற்றரை விறாந்தையிலோ யன்னலோரத்திலோ ஓடவிடாமல், வீட்டுக்கு வெளியே தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே வந்ததும் குறைந்தால் இந்த வாயுவைச் சந்தேகியுங்கள். எல்லாரும் உடனே வெளியே வாருங்கள். யாராவது மயங்கினால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுப்பார்கள்.

இன்றிரவு படுக்கப்போகுமுன் அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். புகை இல்லாவிட்டாலும் தணல் அறைக்குள் வேண்டாம்.