பேத்தி என்றால் பெயர்த்தி – 9: மீனாட்சி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி கிடந்தது. புளி போட்டுத் தேய்த்ததும் அதன் கழுத்துக்குக் கீழே எழுத்து தெரிந்தது. பாத்திரக் கடையில் உளி வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்து: ‘ரா. மீனாச்சி’. என் அப்பத்தாவின் பெயர். கல்யாணச் சீரோடு வந்த சட்டி என்பதால் முன்னெழுத்து அவர் அப்பாவுடையது. ரேஷன் கார்டில் அவர் ‘மீனாட்சி’. வீட்டு விசேஷப் பத்திரிகைகளில் ‘மீனாக்ஷி’. எழுத்து வெட்டியவர் மட்டும் ஊர் எப்படிக் கூப்பிட்டதோ அப்படியே வெட்டியிருக்கிறார். மூன்றில் எனக்குப் பிடித்தது அந்தப் புள்ளி எழுத்துதான். அதை வாசித்தால் யாரோ வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

அப்பத்தா பெயரைத்தான் அக்காவுக்கு வைத்தார்கள். ஆனால் அம்மா ஒருநாளும் அக்காவை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அதிலும் பிள்ளையைத் திட்டுகிற சாக்கில் மாமியார் பெயர் வாயில் வந்துவிட்டால் என்ன ஆவது? அதனால் அக்கா வீட்டில் ‘பாப்பா’. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று டீச்சர் “பிள்ளை பேரென்னம்மா?” என்று கேட்டிருக்கிறார். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “மருதையில இருக்கால்ல, அந்த ஆத்தா பேருதான் டீச்சர்” என்றாராம். டீச்சர் மறுகேள்வி கேட்கவில்லை. ‘மீனாட்சி’ என்று எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். மதுரைப் பக்கத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், ஆள் பெயர் தெரிந்துவிடும்.

பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மீன, அக்ஷி என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது. மீன் போன்ற கண் உடையவள். ஆனால் அந்த ‘மீன’ வடமொழிக்கு நம் திராவிட மொழிக் குடும்பத்திலிருந்து போன சொல் என்பது மொழியியலார் பலரும் ஒப்புக்கொண்டது. ‘மின்’ என்ற வேரிலிருந்து, மின்னுவதால் அது மீன் என்று ஒரு விளக்கம் உண்டு. வானத்தில் மின்னுவதையும் நம் முன்னோர் மீன் என்றுதான் சொன்னார்கள். விண்மீன் என்று இன்றும் சொல்கிறோம். ஆகவே பாதிப் பெயர் இங்கிருந்து புறப்பட்டுப் போய், ஒரு கண்ணையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

கண்ணை ஏன் மீனோடு சேர்த்தார்கள்? வடிவம் ஒரு காரணம். துள்ளல் ஒரு காரணம். மதுரைக்காரர்கள் சொல்வது மூன்றாவது. மீன் முட்டையிட்டுவிட்டுப் பார்வையாலேயே பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. அப்படி மதுரை மீனாட்சியம்மன் பார்த்தாலே உயிர்கள் பிழைத்துக்கொள்ளும். மீனுக்கு இமை கிடையாது, மூடாத கண். அந்தக் கண்ணுக்குக் கீழே இருக்கிற ஊரைத் தூங்கா நகரம் என்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கும் இட்லி கிடைக்கிற ஊருக்கு அம்மனின் பெயர் பொருந்தி வந்திருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

இதற்கு நல்ல தமிழ் வடிவமும் உண்டு: கயற்கண்ணி, அங்கயற்கண்ணி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ஆலவாய் என்ற மதுரை மேல் பாடிய பதிகம் ஒன்றில் முதல் பாட்டிலேயே அங்கயற்கண்ணி வருகிறாள். அதே பாட்டு பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியின் பெயரோடு தொடங்குகிறது. ஒரே பாட்டில் இரண்டு அரசிகள்: ஒருத்தி கருவறையில், ஒருத்தி அரண்மனையில். பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் அம்மனுக்கு ‘திருக்காமக்கோட்டத்து ஆளுடைய நாச்சியார்’ என்று பெயர். ‘ஆளுடைய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தப் பெயரின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இலக்கணப்படி மீனாட்சியைப் பிரித்தால் ஆட்சி வராது, அட்சிதான் வரும். ஆனால் தமிழ்க் காது இலக்கணம் பார்த்துக் கேட்பதில்லை. மீன் கொடி பறக்கவிட்ட பாண்டியர் ஊரில் ‘மீனாட்சி’ என்ற பெயர் காதில் விழுந்தால் மீனின் ஆட்சி என்றே கேட்கும். கதையும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வித் தீயிலிருந்து வந்த பிள்ளை தடாதகை. ஆண் வாரிசு கேட்டவர்களுக்குப் பெண் கிடைத்தாள். அவளை ஆண் பிள்ளைக்கு உரிய எல்லாக் கலையும் பழக்கி, முடிசூட்டி நாட்டைக் கொடுத்தார்கள். திக்விஜயம் போய்க் கயிலை வாசல் வரை ஜெயித்த பிறகுதான் கல்யாணம். தமிழ்நாட்டில் எத்தனையோ அம்மன்கள் இருக்கிறார்கள். முதலில் பட்டாபிஷேகம், அப்புறம் போர், அதற்கப்புறம் தாலி என்ற வரிசை இவளுக்குத்தான்.

அந்த வரிசை இன்றும் மாறவில்லை. சித்திரைத் திருவிழாவின் 8ஆம் நாள் பட்டாபிஷேகம், 9ஆம் நாள் திக்விஜயம், 10ஆம் நாள் திருக்கல்யாணம். பட்டாபிஷேகத்தன்று ராயர் கிரீடம் சூட்டி, பாண்டியர் பூவான வேப்பம்பூ மாலை போட்டு, ரத்தினம் இழைத்த செங்கோலைக் கையில் கொடுப்பார்கள். அம்மன் சார்பில் கோயில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அந்தச் செங்கோலை வாங்கிப் பிராகாரம் சுற்றி வந்து திரும்ப ஒப்படைப்பார். அன்றிலிருந்து ஆவணி மூலத் திருவிழாவில் சுவாமிக்குப் பட்டம் கட்டும் வரை மதுரையில் மீனாட்சி ஆட்சி. மதுரைக்காரர் யாரும் அதைச் சடங்கு என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். “இப்ப ஆத்தா ஆட்சிதானே” என்று மழைக்கும் வெயிலுக்கும் அவளிடமே கணக்குக் கேட்பார்கள். “உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?” என்று புது மாப்பிள்ளையைக் கேட்கிற கேள்வியும் இங்கே பிறந்ததுதான். மதுரை என்றால் பெண் சொல் செல்லும் வீடு.

கிறிஸ்து பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பு மௌரியர் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸும், தெற்கே ஒரு நாட்டைப் பண்டேயா என்ற பெண் ஆண்டதாக எழுதினார். ஹெராக்ளிஸின் மகள் என்று தன் ஊர்க் கதையோடு அவர் முடிச்சுப் போட்டுவிட்டாலும், பாண்டிய நாட்டைப் பெண் ஆண்டாள் என்ற பேச்சு அவ்வளவு பழையது.

அரசியைப் பெண் பிள்ளைக்கு வைக்கிற வீட்டுப் பெயராக்கியதில் குமரகுருபரருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) அவர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ், அம்மனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டியது; சப்பாணி கொட்டச் சொன்னது; அம்மானை ஆடச் சொன்னது. அரங்கேற்றத்தின்போது அம்மனே அர்ச்சகர் வீட்டுப் பெண்ணாக வந்து, நாயக்கர் மடியில் உட்கார்ந்து கேட்டு, அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டாள் என்பது கதை. மாலை போட்டதும் குழந்தை மறைந்துவிட்டது. தெய்வம் ஒருமுறை பாவாடை கட்டிய சிறுமியாக வந்துவிட்டால், அந்தப் பெயரை நம் வீட்டுச் சிறுமிக்கு வைக்க என்ன தயக்கம்?

அந்த நாயக்கர் பரம்பரையின் கடைசி ஆட்சியாளர் பெயரும் மீனாட்சிதான். கணவர் விஜயரங்க சொக்கநாதர் 1730களின் தொடக்கத்தில் வாரிசு இல்லாமல் இறந்தபின் ராணி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். உறவுக்குள்ளேயே எதிர்ப்பு, உதவுவதாக வந்த சந்தா சாகிப் திருச்சிக் கோட்டையையே பிடித்துக்கொண்டார். ராணி நஞ்சருந்தி இறந்தார். பட்டாபிஷேகத்தைச் சொல்லும்போது இவரையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும். பெயருக்கு ஏற்ப ஆண்ட பெண், பெயருக்கு ஏற்ற முடிவு வாய்க்காமல் போன பெண்.

20ஆம் நூற்றாண்டு மீனாட்சிகளில் இரண்டு பேரை எனக்கு அருகருகே வைத்துப் பார்க்கப் பிடிக்கும். ஒருவர் சி. மீனாட்சி. 1905இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். பல்லவர் கோயில்களையும் கல்வெட்டுகளையும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, பல்லவர் ஆட்சிமுறை, சமூக வாழ்க்கை பற்றி அவர் எழுதிய நூல் 1938இல் வந்தது. 1940இல், 34 வயதில் இறந்துபோனார். இன்னொருவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1951இல் ‘சமைத்துப் பார்’ எழுதியவர். எத்தனை ஆழாக்குப் பருப்புக்கு எவ்வளவு புளி என்று அளந்து எழுதிய அந்தப் புத்தகம், புகுந்த வீட்டுக்கும் அயல்நாட்டுக்கும் போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் புடவைக்கு நடுவே போயிருக்கிறது. ஒருவர் கல்லைப் படித்தார், ஒருவர் அடுப்பைப் படித்தார். இரண்டு பேருமே படித்ததைப் புத்தகத்தில் நிறுத்தியவர்கள்.

இந்தப் பெயரின் இன்னொரு கிளை மீனாம்பாள். 1904இல் ரங்கூனில் பிறந்து, பட்டியல் சாதி மக்களின் உரிமைக்காக மேடை மேடையாக நின்ற மீனாம்பாள் சிவராஜ், 1938இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் கொடுத்தவர்களில் ஒருவர். மலையாளக் கரையில் வடகரையில் மீனாட்சி அம்மா இருக்கிறார், களரிப்பயிற்றுக் குரு. புடவையோடே வாளும் கேடயமும் எடுத்து எழுபது வயதுக்கு மேலும் களத்தில் நின்றவர். 2017இல் பத்மஸ்ரீ. அவர் காலைத் தூக்கி வைத்து வாள் பிடிக்கிற படத்தைப் பார்த்தபோது, திக்விஜயத்துக்குப் போன தடாதகைதான் எனக்கு நினைவுக்கு வந்தாள்.

ஆண்களும் இந்தப் பெயரை விடவில்லை. உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பரத நாட்டியத்துக்குப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். சுவாமியான சுந்தரர் இந்தப் பெயர்களிலும் அவளுக்குப் பின்னால்தான் வருகிறார். நண்பர்கள் அவசரத்துக்குக் கூப்பிடும்போது அவரையும் விட்டுவிட்டு “டேய் மீனாட்சி” என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை வைத்த ஆள் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

இப்போது அந்த ‘டேய்’யும் குறைந்துவிட்டது, ‘ஏ புள்ள மீனாச்சி’யும் குறைந்துவிட்டது. என் அக்காவின் வகுப்பில் மட்டும் மூன்று மீனாட்சிகள். இன்றைக்கு ஒரு தொடக்கப் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு மீனாட்சி இருந்தால் எனக்குப் பெரிய விஷயம். பழைய பெயர், பாட்டிப் பெயர், நாகரிகத்துக்கு ஒத்துவரவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது முழுக் காரணம் இல்லை.

இந்தத் தொடரின் தலைப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெயரன்தான் பேரன், பெயர்த்திதான் பேத்தி. பெயரைச் சுமப்பவர்கள். மீனாட்சி என்ற பெயர் சினிமா பார்த்துப் பிடித்துப் போய்ப் பரவவில்லை, முறை வைத்துப் பரவியது. முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர், இரண்டாவதுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர். நான்கு மகன்களைப் பெற்ற ஒரு மீனாட்சி, நான்கு பேத்தி மீனாட்சிகளை விட்டுவிட்டுப் போவாள். செட்டிநாட்டு வீடுகளில் இந்த முறை இன்னும் கெட்டி. ஒரே வளவில் பெரிய மீனா, சின்ன மீனா, மீனாள், மீனாட்சி ஆச்சி என்று இருப்பார்கள்.

இரண்டு பாட்டிகளுக்கும் பெயர் வைக்க இரண்டு பேத்திகளாவது வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அதில் பாதிதான் பெண் என்றால் ஒரு பேத்திகூட முழுசாக வரவில்லை. இருக்கிற ஒரே பெண்ணுக்கு மீனாட்சி என்று வைத்தால் சரஸ்வதிப் பாட்டிக்கு மனத்தாங்கல். சரஸ்வதி என்று வைத்தால் மீனாட்சிப் பாட்டி சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் வலிக்காமல் மூன்றாவதாக ஒரு பெயர் வருகிறது. அந்த மூன்றாவது பெயருக்குத்தான் ஜோசியர் எழுத்து சொல்கிறார், எண் கூட்டிப் பார்க்கிறார்கள். மீனாட்சியை யாரும் வேண்டாம் என்று தள்ளவில்லை. முறை அவளிடம் வந்து சேர்வதற்குள் வீட்டில் பேத்திகள் தீர்ந்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அக்காவுக்கு ஒரே மகன், அவனுக்கு ஒரே மகள். பிள்ளைக்கு மகம் நட்சத்திரம். மகத்துக்கு உரிய எழுத்துகளில் ‘மீ’ உண்டு. மகம் ஜகத்தை ஆளும் என்றும் சொல்வார்கள். ‘மீ’யும் ஆட்சியும் சேர்ந்து வந்துவிட்டதே என்று நான்தான் துள்ளினேன். அக்கா வாயைத் திறக்கவில்லை. சம்பந்தியம்மாவும் எதிரே உட்கார்ந்திருந்தார். மருமகள் ‘நிலா’ என்றாள். சான்றிதழில் அதுதான் ஏறியது. தொட்டிலில் போடும்போது மட்டும், மடியில் வைத்து வலது காதில் மூன்று முறை சொல்லும் முறை வந்தபோது, மருமகள் குழந்தையை மாமியார் பக்கம் நகர்த்தி, “நீங்க சொல்லுங்க அத்தை, உங்க பேரையும்” என்றாள். என் அம்மா ஒருநாளும் வாயால் சொல்லாத பெயர் அது.

நிலா இப்போது ஒன்றாம் வகுப்பு. போன மாதம் அக்கா வீட்டுக்குத் தூக்குச்சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை அதில் கலர் பென்சில் போட்டு வைத்திருக்கிறாள். புள்ளிகள் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

“மீ... னா... ச்... சி. யாரு அப்பத்தா இது?”

“எங்க அப்பத்தா. அப்புறம் நானு” என்ற அக்கா, பிள்ளையின் வலது காதை லேசாகத் தொட்டுக் காட்டினார். “இந்தக் காதுக்குள்ள இன்னொருத்தி இருக்கா.”

நிலா காதைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு, பென்சில்களைக் கீழே கொட்டிவிட்டு, சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

(தொடரும்)